நாலு நாற்பது வண்டியின் பக்கத்தில் மூன்று விளம்பரம்

தேரிமுக்கு பஸ் நிலையத்தில், கட்டணக் கழிப்பறைக்கும் லூர்தம்மாளின் பூக்கூடைக்கும் நடுவில், பத்துக்கு எட்டடி இடத்தில் பொன்மலர் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். அதற்கு முன்னால் அது பிரவுசிங் சென்டராக இருந்தது. அதற்கும் முன்னால், பஸ் நிலையத்தின் ஒலிபெருக்கியில் திருச்செந்தூர் வண்டி புறப்படப் போகிறது, நாகர்கோவில் வண்டி வந்துகொண்டிருக்கிறது என்று ஊருக்கே குரல் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள்தான். பதிவு செய்த குரல் ஒன்று வந்து அவளை வீட்டுக்கு அனுப்பியபோது முப்பத்திரண்டு வயது. எல்லோர் கையிலும் போன் வந்து பிரவுசிங் சென்டரின் ஐந்து கம்ப்யூட்டர்களும் தூசி படிந்தபோது நாற்பது. கையில் கடையும், தலைக்குள் எழுபத்தாறு பஸ்களின் நேரமும் மிச்சமிருந்த அந்த வருஷம்தான் அவள் 'தேரிமுக்கு பஸ் நேரம்' என்று ஒரு வெப்சைட் தொடங்கினாள்.

ஒரு வண்டிக்கு ஒரு பக்கம். மேலே நேரம், கீழே அந்த வண்டியின் கதை. ஆறு பத்து வண்டியில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் யார் கூடை வைப்பார்கள், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்து வண்டி எந்த வளைவில் படிக்கட்டோடு சாயும், மழை பெய்தால் எந்த ஜன்னலின் ஷட்டர் பாதியில் நின்றுவிடும், உடன்குடி வண்டியில் ஏறும்போதே கருப்பட்டி வாசம் எப்படி மூக்கில் ஏறும் என்றெல்லாம், ஒலிபெருக்கியில் சொல்ல முடியாமல் போனதையெல்லாம் எழுதினாள். அந்த வண்டிகளில் பாதி இப்போது ஓடுவதில்லை. ஆனாலும் படித்தார்கள். மஸ்கட்டிலும் தோஹாவிலும் சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருந்துகொண்டு, இந்த ஜென்மத்தில் இனி ஏறப்போகாத பஸ்ஸின் நேரத்தைத் தேரிமுக்கு ஜனங்கள் படித்தார்கள்.

படித்தவர்கள் வந்தார்கள். அதாவது, பக்கத்தைத் திறந்து படிக்கிற நேரம் வரைக்கும், அவர்கள் பஸ் நிலையத்து சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் வந்த கனடாக்காரர் தோள் நிறையப் பனியோடு தடித்த கோட்டுப் போட்டு, உச்சி வெயிலில் உட்கார்ந்து குனிந்து படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பனி உருகவும் இல்லை, பெஞ்சை நனைக்கவும் இல்லை. இரண்டாவது ஆள் குவைத்தில் நர்ஸாக இருக்கும் கிரேஸ், வேலை உடுப்போடு. தொட்டால் கை ஊடே போனது, கூப்பிட்டால் கேட்கவில்லை. படித்து முடித்ததும் இடம் காலியாயிற்று. பங்குச் சாமியார் ஒரு காரணம் சொன்னார், மின்வாரியத்து ஏ.இ. வேறொரு காரணம் சொன்னார். இரண்டையும் கேட்டு முடிக்க யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் அதற்குள் உட்கார இடம் போதாமல் போய், பேரூராட்சியில் இன்னும் இரண்டு பெஞ்ச் போட வேண்டியதாயிற்று.

ஊர் அதைத் தன் பாட்டுக்குப் பழகிக்கொண்டது. எது உள்ளூர்ப் பயணி, எது படிக்கிற ஆள் என்று கண்டக்டர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்தார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் குளியலறையில் உட்கார்ந்துதான் படிப்பார் போல. அவர் வருகிற நேரம் தெரிந்து லூர்தம்மாள் பூக்கூடையோடு மறுபக்கம் திரும்பிக்கொள்வாள். அப்பா முகம் பார்க்காமல் பிறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வந்து, குனிந்து படிக்கிறவனின் எதிரில் நின்று, பிள்ளைக்கு அப்பாவைக் காட்டிவிட்டுப் போவாள். அவள்தான் ஒருநாள் ஆசை தாங்காமல் போனில் அவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் சிரித்தான். ஆனால் அடுத்த வாரம் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, ஸ்டூடியோவில் போட்டோ எடுக்க உட்கார்ந்தவன் மாதிரி விறைப்பாக வந்து உட்கார்ந்தான். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு என்னமோ போலாகிவிட்டது. அன்றிலிருந்து வெளியூரில் இருக்கிறவர்களிடம் இதைச் சொல்லக்கூடாது என்று, யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்காமலேயே, ஊர் முழுக்க ஒரு பேச்சு உண்டாகிவிட்டது.

வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு ஜெசிந்தா வருவாள்.

பஸ் நிலையத்தில் டீக்கடை வைத்திருக்கும் அருள்ராஜ் அண்ணாச்சியின் ஒரே மகள் அவள். பதினோரு வருஷத்துக்கு முன்னால், நாலு நாற்பது நாகர்கோவில் வண்டியில் கண்டக்டராக இருந்த வேறு சாதிப் பையனோடு அதே நாலு நாற்பது வண்டியில் ஏறிப் போனவள். இப்போது மஸ்கட்டில் இருக்கிறாள் என்று மட்டும் தெரியும். தன் வாயால் இனி அவள் பேரைச் சொல்வதில்லை என்று அண்ணாச்சி அன்றைக்குச் சொன்னதும், அதை இம்மி பிசகாமல் காப்பாற்றி வந்ததும் ஊருக்கே தெரியும். அவள் படிப்பது நாலு நாற்பது வண்டியின் பக்கத்தை. ஒன்பது நிமிஷம் படிப்பாள். அண்ணாச்சி அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பார்க்கிறாரா என்றால் பார்ப்பதில்லை. ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவள் மறைந்ததும் எழுந்து போய் அடுப்பைத் தூண்டுவார்.

ஒரு தடவை மட்டும் பொன்மலரிடம் கேட்டார், அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று. நேரம் இருக்கிறது, கண்டக்டர்கள் சில்லறைக்குப் பதில் புளிப்பு மிட்டாய் கொடுத்த கதை இருக்கிறது, வண்டி உங்கள் கடை முன்னால் நாலு நிமிஷம் நின்று டிரைவர் டீ குடித்த கதை இருக்கிறது என்றாள். இதில் எதைப் படிக்க அவள் வருகிறாள் என்று கேட்டார். அது தெரியாது அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு, பொன்மலர் ஜெராக்ஸ் மெஷினின் மூடியைக் காரணமில்லாமல் திறந்து மூடினாள்.

வினை கடை வாடகையில் வந்தது. பேரூராட்சி வாடகையை ஏற்றிவிட்டது. வெப்சைட்டை வைத்திருப்பதற்கு வருஷா வருஷம் கட்டுகிற தொகையும் ஏறியது. கட்டாவிட்டால் எழுபத்தாறு பக்கமும் ஒரே நாளில் போய்விடும், பெஞ்சும் வெறும் பெஞ்சாகிவிடும். சென்னையில் விளம்பரக் கம்பெனியில் இருக்கும் அக்கா வீட்டுக்காரர் தவசிமுத்து போனில் சொன்னார்: "இத்தனை பேரு வந்து படிக்கிற எடத்துல ஒரு விளம்பரம்கூட இல்லாம வச்சிருக்கியேம்மா. காலி இடம்னா காசு தூங்குதுன்னு அர்த்தம்."

அவள் ஒரு விளம்பரம் வைத்தாள். மறுநாள் படிக்க வந்த நர்ஸ் கிரேஸுக்குப் பக்கத்தில், கழுத்தில் டை கட்டி, தோலாலான பை வைத்துக்கொண்டு ஒருவன் வந்து நின்றான். வீட்டுக்கடன் கொடுக்கிறவன். பல்லைக் காட்டிச் சிரித்தபடி, கிரேஸ் போகும்வரை நின்றுவிட்டு அவளோடேயே மறைந்தான். படிக்கிறவர்கள் வருகிற இடத்துக்கு விற்கிறவர்கள் வருவது உலக வழக்கம்தானே என்று ஊர் அதையும் எடுத்துக்கொண்டது. மாதக் கடைசியில் வந்த வருமானம் வாடகையில் பாதியைத் தாண்டியது.

இரண்டாவது வைத்தாள். சமையல் எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு, பட்டுப்புடவையில் ஒரு பெண் வந்தாள். மூன்று, நான்கு. மூட்டுவலித் தைலக்காரர் தன் முழங்காலைத் தட்டித் தட்டிக் காட்டினார். சீட்டுக்கட்டை விசிறிபோல் விரித்துக்கொண்டு ஒருவன் நடந்து போய் நடந்து வந்தான். தவசிமுத்து சொல்லச் சொல்ல, தலைப்புக்கு மேல் ஒன்று, நேரத்துக்குக் கீழ் ஒன்று, பத்திக்குப் பத்தி ஒன்று, ஓரத்தில் இரண்டு என்று வைத்துக்கொண்டே போனாள். அந்த மாதம் வாடகை போக மீதியும் வந்தது. பொன்மலர் கடைக்குப் புது ஃபேன் மாட்டினாள். பதினோராவதாகத்தான் தவசிமுத்து சொன்ன அந்தப் பெரிய விளம்பரம் வந்தது: பக்கத்தையே மூடிக்கொண்டு எழும்பி, மூடுவதற்குக் கடுகளவு ஒரு பெருக்கல் குறியை மட்டும் மூலையில் வைத்துக்கொண்டிருக்கிற விளம்பரம். பஸ் நிலையத்தில் அது ஒரு தடித்த ஆளாக, கையில் லாரித் தார்ப்பாயோடு வந்தது. படிக்கிறவர் இரண்டு வரி தாண்டுவதற்குள் தார்ப்பாயை அவர் தலையோடு போர்த்தியது. உள்ளே அவர் கை துழாவும். குறி தட்டுப்பட்டால் தார்ப்பாய் விலகும். தட்டுப்படாவிட்டால், தார்ப்பாய்க்குள்ளேயே ஆள் காணாமல் போய்விடுவார்.

காணாமல் போனவர்கள்தான் அதிகம். கனடாக்காரர் பனியோடு வந்து பனியோடு போய் ஒரு மாதமாயிற்று, திரும்ப வரவில்லை. பிள்ளையோடு நின்ற பெண், புருஷனின் முதுகைக்கூடச் சரியாகப் பார்க்க முடியாமல், பதினோரு பேர் கூட்டத்தை விலக்கி விலக்கி ஓய்ந்தாள். முதல் மாதம் இரட்டிப்பான வருமானம் இரண்டாம் மாதம் சரிந்து, மூன்றாம் மாதம் ஒரே விளம்பரம் இருந்த காலத்துக்கும் கீழே போனது. இன்னும் நாலு வைக்க இடமிருக்கிறதே என்று தவசிமுத்து சொன்னார்.

ஜெசிந்தாவின் ஒன்பது நிமிஷம் நாலு நிமிஷமாகி, இரண்டாகி, அரை நிமிஷமானது. அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் போய்விடுவாள். அவர் யாரிடமும் குறை சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டு, இரண்டு மணிக்கே ஸ்டூலைப் போட்டு வெயிலில் உட்கார்ந்துகொண்டார். அந்த அரை நிமிஷத்தைத் தவறவிடக்கூடாதென்று ஒரு மணி நேரம் ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த அந்த வெள்ளைச் சட்டை முதுகைப் பொன்மலர் புது ஃபேனுக்குக் கீழிருந்து பார்த்தாள். ஃபேனை நிறுத்தினாள். எழுந்து வெளியே வந்து, ஊராரை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் நிலையத்துக்கு வரச் சொல்லி லூர்தம்மாளிடம் சொல்லியனுப்பினாள்.

வந்தார்கள். எத்தனை விளம்பரம் இருக்கலாம் என்பதைப் பற்றி ஒரு ஊர் கூடிப் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். விளம்பரமே வேண்டாம், ஆளுக்குக் கொஞ்சம் வரி போட்டுக் கொடுத்துவிடலாம் என்றார்கள் ஆட்டோக்காரர்கள். போன கோயில் கொடை விழாவுக்குப் போட்ட வரியே இன்னும் வந்து சேரவில்லை என்றார் வரி வசூலித்தவர். லூர்தம்மாள் ஒன்று போதும் என்றாள். ஒன்றில் வாடகை வராது, கடை மூடினால் வெப்சைட்டும் போய்விடும் என்று பொன்மலர் உள்ளதைச் சொன்னாள். கடைசியில் தபால்காரர் இசக்கி எழுந்தார். முப்பது வருஷம் கடிதம் கொடுத்தவர். ஸ்டாம்பு ஒட்டாமல் கடிதம் போகாது, அது சரி. ஆனால் ஸ்டாம்புக்கென்று ஒரு இடம் இருக்கிறது, எழுதின வரிமேலேயே ஒட்டினால் வாங்குகிறவன் எதைப் படிப்பான் என்று கேட்டார். எத்தனை என்று நாம் எதற்கு அடித்துக்கொள்ள வேண்டும், வருகிறவர்கள்தான் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறார்களே, ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அவர்கள் முகத்தைப் பார்த்தால் போகிறது என்றார்.

பொன்மலர் அப்படியே செய்தாள். முதலில் தார்ப்பாய்க்காரனை எடுத்தாள். அன்றைக்கே படிக்கிறவர்களின் தோள்கள் தணிந்ததைப் பார்த்தாள். நடந்துகொண்டேயிருந்த சீட்டுக்கட்டுக்காரனை எடுத்தாள். அவர்கள் கண் சிமிட்டுவது குறைந்தது. வாரம் ஒன்றிரண்டாக ஓரத்திலிருந்தவர்களையும், பத்திக்குப் பத்தி நின்றவர்களையும் அனுப்பிவைத்தாள். முழங்காலைத் தட்டியபடி மறைந்த தைலக்காரருக்கு லூர்தம்மாள் கையசைத்து விடைகொடுத்தாள். ஆறு வாரத்தில் மூன்று பேர் மிஞ்சினார்கள். நேரத்துக்குக் கீழே வீட்டுக்கடன்காரன், கதையின் பாதியில் மூச்சுவிடுகிற இடத்தில் எண்ணெய்க்காரி, கதை முடிந்தபின் ஒரு தங்க நகைக்காரர். இந்த நகைக்காரரிடம்தான் அவள் ஒன்றைக் கவனித்தாள். பதினோரு பேர் இருந்தபோது அவர் முகத்தை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. அவர்வரைக்கும் யாரும் வந்ததே இல்லை. இப்போது கடைசி வரியைப் படித்துவிட்டு, உடனே எழ மனசில்லாமல், என்ன செய்வதென்று தெரியாமல், ஆட்கள் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள். சில பேர் கையை நீட்டித் தொட்டும் பார்த்தார்கள். அந்த மாத வருமானம், பதினொன்று வைத்திருந்த எந்த மாதத்தையும்விட அதிகமாக வந்தது. கனடாக்காரர் பனியோடு திரும்பி வந்தார். நான்காவது ஒன்றை வைத்துப் பார்த்தாள். நர்ஸ் கிரேஸ் கதை பாதியிலேயே போய்விட்டாள். மறுநாளே எடுத்துவிட்டாள். மூன்று என்பது மூன்றாகவே நின்றது.

ஜெசிந்தாவுக்கு ஒன்பது நிமிஷமும் திரும்பக் கிடைத்தது.

அதற்கடுத்த வாரம், கடையில் ஆளில்லாத ஒரு காலையில், அருள்ராஜ் அண்ணாச்சி வந்து ஜெராக்ஸ் மெஷினின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அந்த மூன்றில் ஒன்றைத் தனக்குத் தர முடியுமா என்று கேட்டார். நாலு நாற்பது பக்கத்தில் மட்டும். டீக்கடைக்கு விளம்பரம்.

பொன்மலருக்கு அவர் கேட்டது உடனே புரிந்தது. ஆனால் பதினோரு வருஷமாக அவரிடம் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் ஒன்று அவளிடம் இருந்தது. இதை வைத்துக்கொண்டு அவருக்கு விளம்பரம் போட்டுக் கொடுக்கத் தன்னால் முடியாது என்று தோன்றியது. "அண்ணாச்சி, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கி, ஜெசிந்தா அந்தப் பையனுக்கு மெயில் எழுதியதெல்லாம் இங்கே இரண்டாம் நம்பர் கம்ப்யூட்டரில்தான் என்றும், பதிவுத் திருமணத்துக்கு மனுவைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தது தான்தான் என்றும், போகிற அன்றைக்கு வண்டி வரும்வரை அவளைத் தன் கடைக்குள் உட்காரவைத்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருந்ததாகவும், அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்லி முடித்தாள்.

அண்ணாச்சி மெஷினின் மேல் ஊன்றியிருந்த கையை எடுத்தார்.

"தெரியும்" என்றார். "அன்னைக்கு எங்கிட்டதான் ரெண்டு டீ வாங்கிட்டுப் போன. ஒண்ணு சீனி இல்லாம. இந்த பஸ் ஸ்டாண்டுல சீனி இல்லாம குடிக்கிறது எம்மவ ஒருத்திதான்."

பொன்மலர் நிமிர்ந்தாள். "அப்புறம் ஏன் அண்ணாச்சி வரலை?"

"வரணும்னுதான் அடுப்ப அணைச்சேன். வண்டி வந்துட்டு. டிரைவர் டீ கேட்டான்." அவர் மெஷினின் மூடியில் இல்லாத தூசியைத் தட்டினார். "நானே போட்டுக் குடுத்தேன் அந்த டீயை. நாலு நிமிஷம் நின்னுச்சு வண்டி. ஏறித் தேடியிருந்தா கூட்டிட்டு வந்திருப்பேன். அதுக்கப்புறம் அவ எப்படி இருந்திருப்பான்னு நெனச்சேன். போட்டும்னு விட்டுட்டேன். வாய்தான் பெருசா பேசிட்டு."

இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு பொன்மலர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து, கடை முன்னால் நிறுத்தி அவரைப் படம் பிடித்தாள். அவர் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கச் சொல்லவில்லை. கீழே என்ன எழுத என்று கேட்டாள். கடைப் பேரும் போன் நம்பரும் போதும் என்றார். மூன்றில் எந்த இடம் வேண்டும், முதலிலேயே கண்ணில் படுகிற இடமா என்று கேட்டதற்கு இல்லையென்று தலையாட்டினார். "கடைசியில போடு. முழுசும் படிச்சிட்டு வரட்டும்."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஜெசிந்தா வந்தாள். பச்சை நிற நைட்டி, ஈரத்தலை. அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கடன்காரன் வந்து சிரித்தான், அவள் கவனிக்கவில்லை. எண்ணெய்க்காரி வந்து டின்னைச் சாய்த்துக் காட்டினாள், அதையும் கவனிக்கவில்லை. பொன்மலர் கடை வாசலில் நின்றாள். லூர்தம்மாள் பூக் கட்டுவதை நிறுத்தியிருந்தாள். திருச்செந்தூர் வண்டியின் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே, காத்திருந்தார். எட்டாவது நிமிஷம் முடிகிற சமயத்தில், ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அருள்ராஜுக்குப் பக்கத்தில், அதே சட்டையும் அதே துண்டுமாக இன்னொரு அருள்ராஜ் வந்து, டீக்கடை முன்னால் நிற்கிற மாதிரியே சிரிக்காமல் நின்றார்.

ஜெசிந்தா நிமிர்ந்தாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது நிமிஷம் தாண்டியது, பத்து தாண்டியது. ஒரு தடவை போகப் போகிறவள் போலத் தலையைத் திருப்பினாள். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். அவர் மறுபடி திறந்தபோது அவள் விரல் நீண்டிருந்தது.

டீக்கடையில் போன் அடித்தது. அண்ணாச்சி ஓடவில்லை, அறுபத்தைந்து வயது ஆள் எத்தனை வேகமாக நடக்க முடியுமோ அத்தனை வேகமாக நடந்து போய் எடுத்து, போனோடேயே திரும்பி பெஞ்சுக்கு வந்தார். அவள் உதடு அசைவது எல்லோருக்கும் தெரிந்தது. சத்தம் அவர் காதுக்கு மட்டும்தான்.

"ஆமா, டீக்கடைதான்" என்றார்.

அவள் உதடு அசைந்தது.

"தெரியுது. சொல்லு."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அவர் ரோட்டைப் பார்க்காமல் அவள் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முன்நெற்றி முடியில் நரை இருந்தது. அது அவருக்குப் புதிது போல, குனிந்து பார்த்தார்.

"சாப்பிட்டியா?" என்றார். "இல்ல, இன்னும் சாப்பிடலை, இனிமேத்தான்... அவரு நல்லாருக்காரா?... பேரென்ன வச்சிருக்க?"

அந்தக் கேள்விக்கு என்ன பதில் வந்ததென்று தெரியாது. அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவள் பேசுவதற்கு வசதியாகப் பக்கத்தை மூடியிருக்க வேண்டும். ஜெசிந்தாவும், நின்றுகொண்டிருந்த இன்னொரு அருள்ராஜும் ஒரே கணத்தில் மறைந்தார்கள். லூர்தம்மாள் ஐயோ என்று வாயைப் பொத்தினாள். ஆனால் அண்ணாச்சி காதிலிருந்து போனை எடுக்கவில்லை. காலி பெஞ்சைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுந்து, பேசிக்கொண்டே கடைக்குப் போய், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, காத்திருந்த திருச்செந்தூர் டிரைவருக்கு டீ ஆற்ற ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஜெசிந்தா பெஞ்சுக்கு வரவில்லை. நாலு நாற்பது பக்கத்தில் ஒரு ஆள் குறைந்தது. அந்த நேரத்தில் அண்ணாச்சி கடைக்குப் பின்னால் நின்று போனில், ஐந்து வயசுப் பேத்திக்குப் பஸ் ஹாரன் மாதிரி சத்தம் போட்டுக் காட்டிக்கொண்டிருப்பார். பழையபடி நகைக்காரரையே அந்த இடத்தில் வைத்துவிடவா, மாதாமாதம் உங்களுக்கு எதற்கு வீண் செலவு என்று பொன்மலர் ஒருநாள் கேட்டாள்.

"இருக்கட்டும்" என்றார் அண்ணாச்சி. "முந்தாநாள் தோஹாலேர்ந்து எவனோ ஒருத்தன் அதைப் பார்த்துட்டுப் போன் பண்ணி, இஞ்சி டீ இருக்கான்னு கேட்டான். இருக்குன்னேன்."